மூக்கில் ரத்தம் வந்தால் குடும்பத்தையும் விசாரியுங்கள்

நுரையீரலில் கோளாறு இருப்பதை மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது, தம்பி பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான். அப்போது அவனுக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. சீனி இல்லை, பிரஷர் இல்லை, குடி, சிகரெட் எதுவும் இல்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கப் போனவனுக்கு வலது கை எழும்பவில்லை, பேச்சும் குழறிப்போனது. கூட வேலை செய்த பையன்கள் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று அவன் நடக்கிறான், பேசுகிறான் என்றால் அந்தப் பையன்களால்தான்.

மலையகத்துத் தலவாக்கலையில் ரயிலேறி நான் போய்ச் சேர்ந்தபோது வாட்டில் ஒரு இளம் டொக்டர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழும் பேசினார். தம்பியின் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். படுத்திருந்தபோது 93 காட்டியது. எழுப்பி உட்கார வைத்தார். சற்று நேரத்தில் 88க்கு இறங்கியது. மறுபடி படுக்க வைத்தார், ஏறியது. மூச்சு வாங்குகிறவனுக்கு உட்கார்ந்தால்தானே சுகமாக இருக்க வேண்டும்? இவனுக்கு நேர்மாறாக இருந்தது. அதன்பின் நாக்கை நீட்டச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் நாக்கின் ஓரத்திலும் கீழுதட்டின் உள்பக்கத்திலும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மாவின் உதட்டில் நாங்கள் எப்போதும் பார்த்த அதே புள்ளிகள். அவர் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார். புள்ளி வெளுத்துக் காணாமல் போனது. எடுத்ததும் ரத்தம் நிரம்பி மறுபடி சிவந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உங்க வீட்டுல யாருக்கெல்லாம் மூக்குல ரத்தம் வரும்?"

அம்மாவுக்கு, மாமாவுக்கு, எனக்கு, தம்பிக்கு, அம்மாயிக்கும் வந்ததாம் என்று சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

பரம்பரையாக வரும் இந்த ரத்தக்குழாய் நோயின் பெயரைச் சுருக்கமாக எச்.எச்.டி. (HHT) என்கிறார்கள். 1896, 1901, 1907 ஆம் ஆண்டுகளில் ரான்டூ, ஒஸ்லர், வெபர் என்ற மூன்று வைத்தியர்கள் தனித்தனியே இதைப் பற்றி எழுதியதால் அவர்கள் பெயராலும் சொல்வதுண்டு. உலகத்தில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது.

உடம்பில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம். இரண்டுக்கும் நடுவில் மயிர்த்துளைக் குழாய்கள் இருக்கின்றன. நாடியின் வேகம் அங்கேதான் தணிகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலை உச்சி ஊற்றிலிருந்து பெரிய பைப்பில் வரும் தண்ணீர் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சின்னப் பைப்புகளாகப் பிரிந்து, வேகம் குறைந்து, குடத்துக்குள் விழுந்து, கடைசியில் கானுக்கு, அதாவது வடிகாலுக்குப் போகிறதல்லவா? அந்தச் சின்னப் பைப்புகளே இல்லாமல் பெரிய பைப்பை நேரே கானில் கொண்டுபோய்ச் சேர்த்தால் எப்படியோ, அப்படித்தான் இந்த நோயில் சில இடங்களில் நாடியும் நாளமும் நேரடியாக இணைந்துவிடுகின்றன. நாளத்தின் சுவர் மெல்லியது. அந்த வேகத்தைத் தாங்காமல் வீங்கும், மெலியும், கசியும்.

மூக்குக்குள்ளும் உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் இப்படிச் சின்ன இணைப்புகள் உண்டானால் அவைதான் சிவப்புப் புள்ளிகள். நுரையீரல், மூளை, ஈரல் ஆகிய இடங்களில் பெரிதாக உண்டாகலாம். நுரையீரலில் வருவது ஏன் ஆபத்து என்றால், அங்குள்ள மயிர்த்துளைக் குழாய்களுக்கு இரண்டு வேலை. ஒன்று ரத்தத்தில் ஒட்சிசன் ஏற்றுவது. மற்றது, நாளங்களில் மிதந்துவரும் சின்ன ரத்தக்கட்டிகளையும் கிருமிகளையும் வடிகட்டிப் பிடிப்பது. நேரடி இணைப்பு வழியாகப் போகும் ரத்தம் இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டுப் போகிறது. கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம், கிருமி போனால் மூளையில் சீழ். தம்பிக்கு நடந்தது முதலாவது. இந்த இணைப்புகள் பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதியில் இருப்பதால் எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் அந்தப் பக்கம் அதிகமாக இறங்குகிறது, ஒட்சிசன் குறைகிறது. டொக்டர் அவனைப் படுக்கவும் உட்காரவும் வைத்துப் பார்த்தது அதற்காகத்தான்.

இரண்டாவது நடந்தது மாமாவுக்கு. அம்மாவின் அண்ணன். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் கெட்டுப்போன மனிதர். ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து சில வாரங்களில் தலைவலி, காய்ச்சல், அப்புறம் வலிப்பு. ஆள் நிதானம் தப்பிப் பேசியதைப் பார்த்துக் பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூளையில் சீழ் கட்டியிருக்கிறது என்றார்கள், காப்பாற்ற முடியவில்லை. பல்லையும் மூக்கையும் மூளையையும் சேர்த்து யோசிக்க அன்றைக்கு யாரும் இல்லை. தம்பியின் வாட்டில் நின்றுகொண்டு மாமாவின் கதையைச் சொல்லும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு. குனிந்து கொழுந்தைப் பார்க்கும்போது மூக்கிலிருந்து சொட்டும். படங்கின் ஓரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் பறிப்பார். லயத்துக்குத் திரும்பி வந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் கூலிதான்) விழும் என்பதால் வரமாட்டார். படங்கில் பழைய ரத்தக்கறை காய்ந்து தேயிலைச் சாயத்தோடு ஒன்றாகிக் கிடக்கும். "சூட்டு உடம்பு" என்பார்கள் லயத்தில். நுவரெலியா குளிரில் என்ன சூடு? கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். உண்மையில் எங்களுக்கு மோசமான காலம் தை, மாசிதான். துகள்பனி கொட்டி, பகலில் காற்று வறண்டு, மூக்கின் உள்தோல் காய்ந்து வெடிக்கும் நாட்களில்தான் ரத்தம் அதிகம் வரும்.

கிளினிக்கில் அம்மாவுக்கு எப்போதும் ரத்தம் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள், அடுத்த கிளினிக்கிலும் அதே. தோட்டத்துப் பெண் என்றால் ரத்தம் குறைவாகத்தானே இருக்கும் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஊறிப்போயிருந்தது; பார்த்தவர்களுக்கும் சரி, எங்களுக்கும் சரி. நெத்தலியும் கீரையும் சாப்பிடு என்று சொன்னவர்கள் உண்டு. இவ்வளவு ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டவர் இல்லை. தோட்டத்தில் ரத்தம் குறைந்த பெண்கள் நிறையப் பேர் இருப்பது உண்மை. அதனாலேயே அதற்குள் ஒளிந்திருக்கும் வேறு காரணம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. இதை வாசிக்கிற தாதிமார், குடும்பநல உத்தியோகத்தர்கள் யாராவது இருந்தால் இதை மட்டும் மனதில் வையுங்கள்: குளிசை கொடுத்தும் ரத்தம் ஏறாத பெண்ணிடம் மூக்கைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, இது இந்த நோய்தானா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த குராசாவோ விதிகள் என்று நான்கு இருக்கின்றன. காரணமில்லாமல் அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, உதடு, நாக்கு, விரல், மூக்கு ஆகிய இடங்களில் அந்தச் சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்பில் நாடி நாள இணைப்பு, பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய். மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். சின்னப் பிள்ளைகளில் இதை நம்பி 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது. மூக்கில் ரத்தம் பெரும்பாலும் இருபது வயதுக்குள் தொடங்கிவிடும். புள்ளிகள் முப்பது, நாற்பது வயதில்கூட வரலாம்.

நுரையீரலைப் பார்க்க எனக்கு முதலில் செய்தது குமிழி எக்கோ. சாதாரண எக்கோவிலிருந்து வித்தியாசம் இதுதான்: உப்புநீரைச் சிரிஞ்சில் எடுத்து, சொட்டுக் காற்றோடு குலுக்கி, நுண்குமிழிகளாக்கிக் கையில் உள்ள நாளத்தில் ஏற்றுகிறார்கள். திரையில் இதயத்தின் வலது அறைகள் வெள்ளைப் பொட்டுகளால் நிரம்புகின்றன. நுரையீரல் சரியாக இருந்தால் குமிழிகள் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும், இடது பக்கம் கறுப்பாகவே இருக்கும். எனக்கு இதயம் சில தடவை துடித்த பிறகு இடது பக்கத்திலும் பொட்டுகள் வரத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருந்த மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்துவிட்டது. அதன்பின் சி.டி. ஸ்கேன். வலது நுரையீரலின் அடியில் ஒன்று. சாதாரண எக்கோ எடுத்துவிட்டு 'இதயம் நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதில் இந்த விஷயம் தெரியாது. குமிழி எக்கோதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இணைப்புக்கு ரத்தத்தை ஊட்டும் நாடி 2 முதல் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பொதுவாக அடைத்துவிடுகிறார்கள். நெஞ்சைத் திறக்கும் ஒப்பரேஷன் இல்லை. தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, நாளத்தின் வழியாக மெல்லிய குழாயை இதயத்தைக் கடந்து நுரையீரல் நாடிக்குள் கொண்டுபோய், கெட்ட இணைப்புக்குள் போகும் நாடியில் உலோகச் சுருளையோ அடைப்பானையோ வைத்துவிட்டு வருகிறார்கள். தம்பிக்கும் எனக்கும் கொழும்பில்தான் செய்தார்கள். நான் விழித்துக்கொண்டே இருந்தேன். ரத்தக்குழாய் தெரிவதற்காகச் சாயம் ஏற்றும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும், இருமல் வரும் போல இருக்கும். மூச்சைப் பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும், அவ்வளவுதான். பிறகு சில நாள் ஆழமாக மூச்செடுத்தால் விலாவில் குத்தியது. இலேசாகக் காய்ச்சலும் வந்தது. அது வரக்கூடியதுதான் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. தம்பிக்கு அடைத்த மறுநாளே உட்கார வைத்து விரலில் கிளிப்பை மாட்டினார்கள். 97.

அடைத்தாயிற்று என்று விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி ஸ்கேன், பிறகு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அடைத்தது திறந்துகொள்ளலாம், சின்னது பெரிதாகலாம்.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை. மூளையில் இருந்தால் அதை என்ன செய்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும் தீர்மானம். மூளையில் தனியாக ஒரு நாடி நாள முடிச்சு இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பரம்பரை நோய் கிடையாது. நுரையீரலில் இருந்தால்தான் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஈரலில் இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது, ரத்தம் பீறிடக்கூடும்.

இனி அன்றாடம். முதலில் மூக்கு. ரத்தம் வந்தால் நேராக உட்கார்ந்து தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் திறந்து பார்க்கக் கூடாது. எங்கள் லயத்தில் செய்வதுபோல மல்லாக்கப் படுக்க வைத்து உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றினால் ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குத்தான் போகும், பிறகு வாந்தியாக வரும். பார்க்கிறவர்கள் ரத்த வாந்தி என்று அலறுவார்கள். காய்ந்த பஞ்சை உள்ளே திணித்தால் வெளியே இழுக்கும்போது பொருக்கும் சேர்ந்து வந்து மறுபடி தொடங்கும். அரை மணி நேரம் பிடித்தும் நிற்கவில்லை, தலை சுற்றுகிறது என்றால் ஆஸ்பத்திரிதான்.

வராமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குப் பலன் தந்தது ஈரம்தான். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கரைத்து, அல்லது பார்மசியில் கிடைக்கும் சேலைன் துளி வாங்கி, காலை மாலை மூக்கில் விடுகிறேன். படுக்குமுன் சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் வாஸ்லின் எடுத்து மூக்கின் ஓரத்தில் தடவுகிறேன். மாசி மாதத்தில் விறகடுப்புப் புகைக்குள் உட்காருவதில்லை. அடிக்கடி சுட்டுக் கருக்கும் வைத்தியத்துக்கு உடனே சம்மதிக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சுட்டால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழலாம். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அசிட் குளிசை சிலருக்கு உதவுகிறது, அதற்கும் மேலே மருந்துகள் இருக்கின்றன. எல்லாம் டொக்டர் பார்த்துத் தர வேண்டியவை. உடம்பு வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், டைக்ளோபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டொக்டர் பார்த்து அஸ்பிரின் தேவை என்று கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், தானாக நிறுத்தவும் கூடாது.

அடுத்தது தேத்தண்ணி. தேயிலையை நம்பிப் பிழைக்கிற ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயம் குடிப்பது எங்கள் பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிசையையும் அதே தேத்தண்ணியில் விழுங்கினால் போட்டும் பிரயோசனம் இல்லை. அம்மா அப்படித்தான் விழுங்குவார், சுடுதண்ணி வேறு எங்கே இருந்தது மலையில்? இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி. குளிசையைத் தோடம்பழச் சாற்றோடு, அல்லது தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு போடுகிறோம். நுரையீரலில் இணைப்பு இருப்பவருக்கு இரும்பு குறைந்தால் பக்கவாத ஆபத்தும் கூடுகிறது என்பதால், இது களைப்பைப் போக்குகிற விஷயம் மட்டும் அல்ல. குளிசை போட்டால் மலம் கறுக்கும், அது வழக்கம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றிலும் குடலிலும் அதே புள்ளிகள் வரும்.

பல்லைப் பற்றி மாமாவின் கதைக்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரலில் இணைப்பு இருப்பவர், அடைத்த பிறகும்கூட, பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போகுமுன் அன்டிபயோடிக் எடுக்க வேண்டும். பல் டொக்டர் கதிரையில் உட்காருமுன் இதைச் சொல்லுங்கள். வெற்றிலையை விடுங்கள், இரவிலும் பல் துலக்குங்கள். அதேபோல சேலைன் ஏற்றும்போது குழாயில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நுரையீரலில் நின்றுவிடும் குமிழ் எங்களுக்கு மூளைக்குப் போகும்.

இதையெல்லாம் மயக்கமாகக் கிடக்கும்போது யார் சொல்வது? அம்மாவுக்குச் சிங்களம் வராது, ஆங்கிலம் வராது. அதனால் ஒரு அட்டை தயாரித்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி லெமினேட் செய்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். நோயின் பெயர், நுரையீரலில் சுருள் வைத்திருக்கிறது என்ற விபரம், பல் வைத்தியத்துக்கு அன்டிபயோடிக், சேலைனில் காற்று வேண்டாம், மூக்கில் அழுத்தித் திணிக்க வேண்டாம், ரத்த வகை, கூப்பிட வேண்டிய போன் நம்பர். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற ஒரு அக்கா சிங்களத்தில் எழுதித் தந்தார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் அதே விபரம் ஒட்டியிருக்கிறது.

கலியாணம் முடித்த, முடிக்கப்போகிற பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கர்ப்ப காலத்தில் நுரையீரல் இணைப்பு பெரிதாகலாம், வெடித்து ரத்தம் வரவும் கூடும். பிள்ளை தங்குமுன்பே பார்த்து அடைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே தங்கிவிட்டால் முதல் கிளினிக்கிலேயே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். சொன்னால் கவனித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான தாய்மாருக்கு நல்லபடியாகவே பிள்ளை பிறக்கிறது. இருமும்போது ரத்தம் வந்தாலோ திடீரென்று மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே புறப்பட வேண்டும்.

தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு மூக்கில் ரத்தம் வரத் தொடங்கியிருக்கிறது, குமிழி எக்கோவுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். சின்னவனுக்கு இன்னும் ஒன்றும் இல்லை, ஆனாலும் அவனையும் சேர்த்தே காட்டுகிறோம். மாமாவின் பிள்ளைகள் பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறார்கள். முதலில், எங்களுக்கு ஒன்றும் இல்லை அக்கா, லீவு போட்டால் பேர் விழாது என்றார்கள். மூத்தவனின் உதட்டைப் புரட்டிப் புள்ளிகளைக் காட்டினேன். அவன் அப்பாவின் உதட்டை அவனுக்கு நினைவிருந்தது. பள்ளி லீவு விட்டதும் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.